'அனுமதிக்கப்பட்டது' என்பது மட்டும் போதுமா?

கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் நிபந்தனைகளைப் படித்துப் பார்க்கிறோம். ஆனால், குழந்தையின் கையில் கொடுக்கும் தின்பண்டப் பொட்டலத்தின் பின்புறத்திலுள்ள சிறிய எழுத்துகளைப் படிப்பவர் நம்மில் எத்தனை பேர்? அரசு அனுமதித்த பொருள்தானே என்ற நம்பிக்கையில் இருந்துவிடுகிறோம். அந்த நம்பிக்கை எல்லா நேரத்திலும் போதுமானதன்று என்பதற்கு, நாம் காலையில் உண்ணும் பிரெட்டே சான்று.

பிரெட் மாவு நன்கு உப்புவதற்காகப் பொட்டாசியம் புரோமேட் என்னும் உப்பு நெடுங்காலம் சேர்க்கப்பட்டு வந்தது. இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1999ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியிருந்தது. பிரிட்டன் 1990இலேயே இதைத் தடைசெய்துவிட்டது. இந்தியாவிலோ 2016 வரை இது அனுமதிக்கப்பட்ட பொருளாகவே நீடித்தது. அவ்வாண்டு மே மாதம், அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தில்லியில் பெற்ற 38 மாதிரிகளைச் சோதித்தது. அவற்றுள் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருப்பதாக அறிவித்தது. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் புரோமேட்டை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. நேற்றுவரை சட்டப்படி சரியாக இருந்தது, இன்று தவறாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அதை உண்டவர்கள் நாம்தாம்.

செயற்கை நிறங்களின் நிலையும் சிந்திக்கத்தக்கது. டார்ட்ரசின் (102), சன்செட் யெல்லோ (110) ஆகியவை சேர்ந்த உணவுகள் குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கக்கூடும் என்னும் எச்சரிக்கை, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் கட்டாயம். இங்கோ, அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம் கலந்தது என்ற வாசகத்தோடு முடிந்துவிடுகிறது.

இதற்காக எண்களைக் கண்டதும் அஞ்ச வேண்டியதில்லை. 330 என்பது எலுமிச்சையில் இயல்பாகவே உள்ள சிட்ரிக் அமிலம். 300 என்பது வைட்டமின் சி. புரோமேட்டுக்கு மாற்றாகப் பிரெட் மாவில் சேர்க்கப்படுவதும் இதுவே. எல்லாச் சேர்க்கைப் பொருள்களும் தீயவை அல்ல. எது எது என்று அறியாமல் வாங்குவதே தவறு.

பொட்டலத்தில் மூலப்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். முதல் மூன்று பெயர்களையும், நிறங்களுக்குரிய எண்களையும் பார்க்க அரை நிமிடம் போதும். ஒரே வகையான இரு பண்டங்களுள் செயற்கை நிறம் இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். சட்டம் திருந்தும் வரை காத்திருக்கக் குழந்தைகளின் உடலுக்கு அவகாசமில்லை; அதுவரை அவர்களுக்குக் காவல், கடையில் நாம் செலவிடும் அந்த அரை நிமிடமே.