கோபப்படாதே என்று யார் சொல்வது?

நானா சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த மாதங்களில் ஒரே ஆங்கிலப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார். உம்மா குசினியிலிருந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்வா. இங்கிலாந்தின் மன்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஒயேசிஸ் என்ற ரொக் இசைக்குழு 1996 பெப்ரவரியில் வெளியிட்ட 'டோன்ட் லுக் பெக் இன் எங்கர்' என்பதே அந்தப் பாட்டு. கோபத்தோடு திரும்பிப் பார்க்காதே என்று பொருள். இசை ஆகுமா, ஆகாதா என்பதற்குள் நான் போகவில்லை. அதைச் சொல்ல ஆலிம்கள் இருக்கிறார்கள். நான் பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன் வந்த ஒரு பாட்டை மக்கள் ஏன் இன்னும் விடாமல் பாடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

நானா இல்லாத ஒரு நாள் அகராதியை வைத்துக்கொண்டு அதன் வரிகளுக்குப் பொருள் தேடினேன். ஏமாற்றம்தான். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் தொடர்பே இல்லை. அதில் சாலி என்று ஒரு பெண் வருகிறாள். அப்படி ஒருத்தியைத் தனக்குத் தெரியாது என்று பாட்டை எழுதிய நோயல் கல்லகரே சொல்லியிருக்கிறார். தொடக்கத்தில் வரும் பியானோ ஜோன் லெனனின் 'இமேஜின்' பாடலை நினைவூட்டுகிறது. தலைப்போ 1956இல் மேடையேறிய ஜோன் ஒஸ்போனின் நாடகத் தலைப்பைத் திருப்பிப் போட்டது போல இருக்கிறது. எங்கள் தமிழ் டீச்சரிடம் இப்படி ஒரு கவிதையைக் கொடுத்தால் சிவப்புப் பேனைதான் பேசும்.

ஆனால் அந்தக் குறைதான் பாட்டைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். பொருள் நிறைந்த பாட்டில் எழுதியவரே குடியிருக்கிறார். இதில் இடம் காலியாக இருக்கிறது, பாடுகிறவர் தன் துக்கத்தோடு உள்ளே வரலாம். நோயலும் மேடையில் பல்லவி வரும்போது பெரும்பாலும் தான் நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பாடவிடுவார்.

2017 மே 22 இரவு மன்செஸ்டரில் அரியானா கிராண்டேயின் இசை நிகழ்ச்சி முடியும் நேரத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகச் சிறியவளுக்கு எட்டு வயது. மூன்று நாட்களின் பின் சென் ஆன்ஸ் சதுக்கத்தில் மக்கள் கூடி ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். மௌனம் முடிந்ததும் கூட்டத்திலிருந்த ஒரு பெண் இந்தப் பாட்டை மெல்லத் தொடங்கினார். பக்கத்தில் நின்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள், பிறகு சதுக்கமே பாடியது. அடுத்த மாதம் பாரிஸில் நடந்த பிரான்ஸ், இங்கிலாந்து உதைபந்தாட்டப் போட்டிக்கு முன் பிரான்சின் இராணுவ வாத்தியக் குழுவும் இதையே இசைத்தது.

அந்த நகரம் கோபத்தை விட்டுவிட்டது, மன்னித்துவிட்டது என்று சிலர் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைகளை இழந்தவர்கள் பாடியதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. பகிரங்க விசாரணையில் வருடக்கணக்காக உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். தாக்குதலைத் தடுத்திருக்கக்கூடிய முக்கியமான ஒரு வாய்ப்பைப் பாதுகாப்புப் புலனாய்வுத் துறை தவறவிட்டது என்று 2023இல் வந்த அறிக்கை சொன்னது. பாடியதும் கேட்டதும் ஒரே ஊர் மக்கள்தான்.

நாங்கள் 'ஸப்ர்' என்ற சொல்லை, வாயை மூடிக்கொண்டிரு என்ற பொருளில் பல நேரம் பாவிக்கிறோம். யஃகூப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள் அழகிய பொறுமையைக் கைக்கொண்டவர்கள். ஆனால் கண்கள் வெளுக்கும் வரை அழுதார்கள். போய் யூசுஃபைத் தேடுங்கள் என்று மகன்மாரையும் அனுப்பினார்கள். தேடாமல் இருப்பதற்குப் பெயர் பொறுமை என்று அவர்கள் நினைக்கவில்லை.

2019 ஏப்ரல் 21 நடந்தபோது நான் ஆறாம் தரம். தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கங்களில் எங்கள் ஆட்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. இரண்டு தரப்புக்கும் கிடைத்த புத்திமதி ஒன்றுதான்: நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடுங்கள். இன்றும் நீதி கேட்கும் கத்தோலிக்கக் குடும்பங்களைப் பற்றி, இன்னும் எத்தனை நாளைக்கு என்று நம்மில் சிலரே சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. கோபத்தோடு திரும்பிப் பார்க்காதே என்று இழந்தவர் தனக்குத் தானே சொன்னால் அது பெருந்தன்மை. வெளியில் நிற்பவர் அவருக்குச் சொன்னால் அவமதிப்பு. பாட்டை மன்செஸ்டர் மக்களே தொடங்கியதால்தான் அது பொருந்தியது. ஓர் அமைச்சர் மேடையேறித் தொடங்கியிருந்தால் எத்தனை பேர் சேர்ந்து பாடியிருப்பார்கள்?

எனக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது, இதை நானாவிடம்கூட நான் கேட்டதில்லை. அந்தப் பெண் தொடங்கியதும் கூட்டம் அவரைத் தன்னில் ஒருத்தியாக எடுத்துக்கொண்டது. 2019இல் பாடசாலை வாசலில் புத்தகப் பையைத் திறந்து காட்டிவிட்டு நாங்கள் உள்ளே போன நாட்களில், எங்கள் ஊரிலும் அப்படி ஒரு கூட்டம் கூடி, பர்தா அணிந்த நான் முதல் வரியைத் தொடங்கியிருந்தால், பக்கத்தில் நின்றவர் இரண்டாவது வரியைப் பாடியிருப்பாரா?