வலமாக ஒரு நடை



இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து மண்டபத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். நம் கோவிலுக்குத் தவறாமல் வரும் ஓர் அம்மா என்னருகில் வந்து நின்றார். வயது எழுபத்தெட்டு. மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்.

“தம்பி, இருபத்திரண்டு வருஷமா லண்டனிலை இருக்கிறன். எனக்கு ஆஸ்பத்திரி தெரியும், கோயில் தெரியும், எங்கடை கடையள் தெரியும். ராசா ராணி இருந்த ஊரெண்டு சொல்லுகினம். அதை நான் இன்னும் காணேல்லை” என்றார்.

குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. முப்பது வருடங்களுக்கு மேல் அந்த வீதிகள் வழியாகவே வேலைக்குப் போய் வந்தவன் நான். பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து பத்திரிகை படித்தேனே தவிர, ஒரு நாளாவது இறங்கி நின்று பார்த்தவன் அல்லன். ஊரில் இருந்து விருந்தினர் வந்தால் படம் எடுப்பதற்கு ஓடுவோம், மழை வந்தால் திரும்பிவிடுவோம். நம்மிற் பலர் இலண்டனை அறிந்தது இவ்வளவுதான்.

ஆகவே சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை ஒன்பது பேராகப் புறப்பட்டோம். வழிகாட்டி இல்லை, அநுமதிச்சீட்டு இல்லை, செலவும் இல்லை. தேவைப்பட்டவை நல்ல சப்பாத்து, குடை, தண்ணீர்ப் போத்தல், ஒரு கடதாசியில் எழுதிய குறிப்பு. நாங்கள் சென்ற வழியையே இங்கு தருகிறேன். நீங்களும் உங்கள் வீட்டாரோடு சென்று வரலாம். மொத்தம் ஏறத்தாழ ஒன்றரை மைல். இருந்து இருந்து நடந்தால் மூன்று மணி நேரம் போதும்.

இந்த வழியில் ஒரு விசேடம் உண்டு. டிரபால்கர் சதுக்கத்தில் தொடங்கித் தெற்கே வைற்ஹோல் வீதியால் இறங்கி, பாராளுமன்றச் சதுக்கத்தில் மேற்கே திரும்பி, பூங்காவின் ஓரமாக வடக்கே ஏறி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறோம். அரசாங்க அலுவலகங்கள் பெரும்பாலும் நமது வலக்கைப் பக்கமே இருக்கும். கோவில் வீதியைச் சுற்றுவதுபோல, சரியாக வலம் வருகிறோம்!

முதலில் டிரபால்கர் சதுக்கம். நெல்சன் தூண் 1840 முதல் 1843 வரை கட்டப்பட்டது. உயரம் ஏறத்தாழ 52 மீற்றர். கீழேயுள்ள நான்கு சிங்கங்களும் 1867 இல்தான் வந்து சேர்ந்தன. எல்லோரும் தூணைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் தெற்குப் பக்கம், வீதிகளுக்கு நடுவே குதிரைமேல் இருக்கும் சிறிய சிலையையும் பாருங்கள். அது முதலாம் சார்ள்ஸ் மன்னருடையது. இலண்டனுக்கு இத்தனை மைல் என்று பலகைகளில் காண்கிறோமே, அந்தத் தூரம் இந்த இடத்தில் இருந்துதான் அளக்கப்படுகிறது. மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்ட காலத்தில் இச்சிலை உடைப்பதற்காக விற்கப்பட்டது. வாங்கிய கன்னார் அதை உடைக்காமல் ஒளித்து வைத்துவிட்டார். மன்னராட்சி மீண்டபின், 1675 இல் இங்கே நிறுத்தினார்கள்.

சிலை பார்க்கும் திசையிலேயே நாமும் நடக்கிறோம். சிறிது தூரத்தில் இடப்பக்கம் பாங்குவற்றிங் ஹவுஸ் என்ற விருந்து மண்டபம். இனிகோ ஜோன்ஸ் கட்டி 1622 இல் முடித்தது. இங்கிருந்த பெரிய அரண்மனை 1698 இல் எரிந்துபோக, எஞ்சி நிற்பது முக்கியமாக இம்மண்டபமே. இதன் வாசலில்தான், 1649 ஜனவரி 30 அன்று, அதே சார்ள்ஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டது. குதிரைமேல் இருக்கும் மன்னர் தாம் மாண்ட இடத்தைப் பார்த்தபடியே இருக்கிறார் என்று சொன்னபோது, கூட வந்த பிள்ளைகள் மூவரும் திரும்பி ஓடிப்போய்ச் சிலையை இன்னொருமுறை பார்த்துவிட்டு வந்தார்கள். எதிர்ப்புறத்திற் குதிரைக் காவலரும் நிற்பார்கள். குதிரை கடிக்கும், கிட்டப் போக வேண்டாம்.

இன்னும் கீழே வலப்பக்கம் டவுனிங் வீதி. 1989 இல் போட்ட இரும்பு வாயில் இருப்பதால் உள்ளே போக முடியாது. பிரதமரின் பத்தாம் இலக்க வீட்டைப் பற்றி எல்லோரும் அறிவர். நம்மவர் அறிய வேண்டியவை வேறு இரண்டு வாசல்கள்.

ஒன்று, இவ்வீதியை ஒட்டிய பெரிய கட்டடத்தில் இருந்த குடியேற்ற நாட்டு அலுவலகம். 1915 இல் இலங்கையில் கலவரம் மூண்டு, இராணுவச் சட்டத்தின்கீழ் சிங்கள மக்கள் கடுமையாகத் தண்டிக்கப்பட்டபோது, அவர்களுக்காக மன்றாட, உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திற் கப்பலேறி இலண்டன் வந்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் திரும்பியபோது கொழும்பிற் சிங்களத் தலைவர்கள் அவரது வண்டியைத் தாமே இழுத்துச் சென்றார்கள்.

மற்றது, ஒன்பதாம் இலக்கம். கோமறைக் கழகத்தின் நீதிக்குழு இங்கேதான் கூடியது. சிங்களம் மட்டும் சட்டம் 1956 இல் வந்தபின், சிங்களப் பரீட்சையிற் சித்தியடையாத காரணத்தால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரச லிகிதர் செல்லையா கோடீஸ்வரன் தொடுத்த வழக்கு, 1969 இல் இங்கு வந்து முடிந்தது. அரச ஊழியர் தம் சம்பளத்துக்காக வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் தாம் தீர்க்காமல் இலங்கை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். 1971 இல் இலங்கையில் இருந்து இங்கு மேன்முறையீடு செய்யும் வழக்கமே நின்றது. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவேயில்லை. இந்த வாயிலைக் கடக்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். நாம் ஏன் இந்நாட்டுக்கு வந்தோம் என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு இதிலும் ஒரு பகுதி விடை உண்டு.

சில அடி தள்ளி, வீதியின் நடுவே, வெண்ணிறக் கல்லால் ஆன உயர்ந்த அமைப்பு ஒன்று நிற்கிறது. செனோட்டாப் என்பார்கள். வெறுங்கல்லறை என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். முதலாம் உலகப்போரில் மாண்டவர்களுக்காக, புதுடில்லியைத் திட்டமிட்ட எட்வின் லட்டியன்ஸ் அமைத்தது. 1919 இல், வெற்றி ஊர்வலத்துக்காக மரத்தாலும் சாந்தாலும் தற்காலிகமாகத்தான் வைத்தார்கள். ஆனால் மக்கள் வந்து மலர்களைக் குவித்தார்கள். ஏனெனில் அப்போரில் இறந்தவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்று அரசாங்கம் முடிவு செய்திருந்தது. அழுவதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. எனவே 1920 நவம்பர் 11 அன்று கல்லாலேயே நிரந்தரமாக நிறுவினார்கள். இதிற் சிலுவை முதலிய சமயச் சின்னம் எதுவும் செதுக்கப்படவில்லை. மாண்டவர்கள் எல்லாச் சமயத்தவர்களும் ஆவர். அப்போரில் உயிர்நீத்த இந்தியப் படையினர் மட்டும் ஏறத்தாழ 74,000 பேர்.

இவற்றையெல்லாம் நான் கடதாசியைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கேட்டார்.

“ஆர் தம்பி உள்ளுக்குக் கிடக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை அம்மா. உடம்பு வந்து சேராத பிள்ளையளுக்காகக் கட்டினது.”

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அவருடைய இளைய மகனைப் பற்றி 2009 இற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை என்பதைக் கோவிலில் நம்மிற் பலர் அறிவோம். திவசம் செய்வதா வேண்டாமா என்று ஐயரிடம் கேட்டு, பின்னர் வேண்டாம் என்று போனவர். நடைபாதையின் ஓரத்திலே நின்று, கைப்பையில் இருந்த விபூதிச் சரையை எடுத்து நெற்றியிற் பூசிக்கொண்டார். பஸ்கள் போய்க்கொண்டேயிருந்தன. அவருடைய பேத்தி ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு அவரே, “சரி, வாங்கோ போவம்” என்றார்.

முப்பது வருடங்களாக நான் பஸ்ஸில் இருந்து பார்த்து, அது வெள்ளைக்காரருடைய கல் என்று நினைத்திருந்தேன்.

வீதி முடியும் இடம் பாராளுமன்றச் சதுக்கம். பழைய கட்டடம் 1834 இல் எரிந்தபின், சார்ள்ஸ் பரி என்பவரின் திட்டப்படி இப்போதைய பாராளுமன்றம் எழுந்தது. ஆயினும் வெஸ்ற்மின்ஸ்ரர் மண்டபம் 1097 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நம் பெரிய கோவில் தஞ்சையில் எழுந்து ஒரு நூற்றாண்டு ஆகாத காலம் அது. மணிக்கூட்டுக் கோபுரம் 96 மீற்றர். பிக் பென் என்பது உண்மையில் உள்ளே தொங்கும் மணியின் பெயர். கோபுரத்துக்கு 2012 இல் எலிசபெத் மகாராணியாரின் பெயர் சூட்டப்பட்டது. இலங்கைச் சுதந்திரச் சட்டம் 1947 இல் நிறைவேறியதும் இந்தப் பாராளுமன்றத்திலேதான்.

சதுக்கத்திலுள்ள சிலைகளைச் சுற்றிவந்து பாருங்கள். காந்தியடிகளின் சிலை 2015 இல் வந்தது. 1931 இல் வேட்டியும் போர்வையுமாக அவர் டவுனிங் வீதியில் நின்ற தோற்றம் அது. அவருடைய உடையை ஏளனம் செய்த சேர்ச்சில் அதே சதுக்கத்திலே நிற்கிறார். தென்னாபிரிக்காவிற் காந்தியைச் சிறையிலிட்ட ஸ்மட்ஸும் நிற்கிறார். சிறையில் இருந்தபோது காந்தி தம் கையாலே தைத்த செருப்புச் சோடியை ஸ்மட்ஸுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். 1939 இல், காந்தியின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி, ஸ்மட்ஸ் அதைத் திருப்பி அனுப்பிவைத்தார். அந்தத் தென்னாபிரிக்கப் போராட்டத்திற் சிறை சென்று 1914 இல் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மை நம் தமிழ்ப் பெண். மண்டேலாவின் சிலையும் 2007 முதல் இங்கே உண்டு.

2009 ஏப்ரல் முதல் ஜூன் வரை நம்மவர் பல்லாயிரம் பேர் இதே இடத்தில் நின்றோம். “அண்டைக்கு உந்த மூலையிலைதான் நிண்டனான். சிலையளைப் பாக்கிற மனம் ஆருக்கு இருந்தது?” என்றார் அம்மா. அன்றைக்குப் பார்க்காதவற்றை இன்றைக்கு ஒவ்வொன்றாக நின்று பார்த்தார்.

மேற்குப் பக்கத்தில் நாட்டின் உயர் நீதிமன்றம். 2009 முதல் கோமறைக் கழகத்தின் நீதிக்குழுவும் இங்கேயே கூடுகிறது. வார நாட்களில் யாரும் இலவசமாக உள்ளே சென்று வழக்கைக் கேட்கலாம். சட்டம் படிக்கும் பிள்ளைகள் உள்ளவர்கள் அவசியம் கூட்டிச் செல்லுங்கள். அருகில் வெஸ்ற்மின்ஸ்ரர் மடாலயத் தேவாலயம். 1066 முதல் இந்நாட்டின் முடிசூட்டு விழாக்கள் நடந்துவரும் இடம். கடைசியாக 2023 மே 6 அன்று மூன்றாம் சார்ள்ஸ் மன்னருக்கு இங்கேதான் முடிசூட்டினார்கள்.

இனி வலப்பக்கம் திரும்பிப் பூங்காவை அடைகிறோம். வழியில் அரசாங்கக் கட்டடங்களுக்கிடையே ஒரு படிக்கட்டு. அதன் தலைப்பில் நிற்பவர் றொபேட் கிளைவ். 1744 இல் சென்னைப் பட்டினத்துக்கு வந்தபோது அவரும் என்னைப்போல ஒரு லிகிதர்தான்! 1751 இல் ஆற்காட்டு முற்றுகையிலே பெயரெடுத்தார். சிலையின் அடிப்பீடத்தில் ஆற்காடு செதுக்கப்பட்டிருக்கிறது. இலண்டன் நடுவே ஒரு தமிழ்நாட்டு ஊர் கல்லில் இருப்பதைப் பார்க்க விரும்புவோர் இங்கே பார்க்கலாம். அதைக் கண்டு மகிழ்வதா வருந்துவதா என்பதை அவரவர் முடிவுக்கே விடுகிறேன்.

எதிரே சென் ஜேம்ஸ் பூங்கா. இருப்பதற்கு வாங்குகள் நிறைய உண்டு. குளத்தில் கூழைக்கடாக்கள் நீந்தும். 1664 இல் ரஷ்யத் தூதுவர் மன்னருக்குக் கொடுத்த பறவைகளோடு தொடங்கிய வழக்கம். இங்கேதான் நாங்கள் வடையும் தேநீரும் எடுத்தோம். நடைபாதையிற் சில இடங்களில் கிரீடம் பொறித்த வட்டத் தகடுகளைக் காண்பீர்கள். மகாராணியாரின் வெள்ளிவிழா ஆண்டாகிய 1977 இல் திறந்த நடைவழியின் அடையாளங்கள் அவை. பிள்ளைகளைத் தேடச் சொன்னால் அவர்கள் கால் நோவை மறந்துவிடுவார்கள்.

பூங்காவின் ஓரமாக நடந்து, வலப்பக்கம் திரும்பி, அட்மிரால்டி வளைவின் ஊடாக வந்தால் மீண்டும் டிரபால்கர் சதுக்கம். வலம் முடிந்தது. கை கால் கழுவத் தேசிய ஓவியக்கூடம் அருகிலேயே இருக்கிறது. அங்கும் அநுமதி இலவசம்.

பஸ்ஸுக்குக் காத்துநின்றபோது அந்த அம்மா சொன்னார்: “இனி ரீவியிலை இந்த இடங்களைக் காட்டினா, நான் நடந்த இடமெண்டு சொல்லுவன்.”

நம் வீடுகளில் இப்படிப்பட்ட தாய் தந்தையர் எத்தனை பேர்! பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, யன்னலோரம் இருந்து வீதியைப் பார்ப்பவர்கள். பாஷை தெரியாது, வழி தெரியாது, பிள்ளைகளுக்கு நேரமில்லை என்று தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். ஒரே ஒரு சனிக்கிழமையை அவர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் எதை எந்த இடத்தில் இறக்கிவைப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

முழங்கால் நோ உள்ளவர்கள் பாராளுமன்றச் சதுக்கம் வரை சென்று பஸ் ஏறலாம். தனியாகச் செல்லத் தயங்குபவர்கள் வெள்ளிக்கிழமைப் பூசையின் பின் என்னிடம் பெயர் கொடுங்கள். மழை இல்லாத ஒரு சனிக்கிழமையில் மீண்டும் சேர்ந்து நடப்போம். வடை செய்து தருவதாக அந்த அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.