ஒளிரும் விளக்கை நம்பலாமா?

மயங்கிக் கிடப்பவரின் மண்டையைப் பிளந்து பார்த்தா வைத்தியர் தம் சோதனையைத் தொடங்குகிறார்? முதலில் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். பழைய வீட்டுக் கணினி ஒன்று பேச மறுத்தால் மட்டும் நம்மவர் எடுத்த எடுப்பிலே திருகாணிகளைக் கழற்றத் தொடங்கிவிடுகின்றனர். கணினியின் நாடியோ பெரும்பாலும் அதற்கு வெளியே, மேசைக்கடியிற் கிடக்கும் மின்வழங்கியில் ஓடுகின்றது.

1982 ஆம் ஆண்டு வெளிவந்த கொமடோர் 64 என்னும் கணினியை எடுத்துக்கொள்வோம். அதன் மின்வழங்கி செங்கல்லைப் போன்ற ஒரு கனத்த பெட்டி. அதிலிருந்து இருவகை மின்சாரம் வெளிவருகின்றது. ஒன்று 5 வோல்ற்று நேரோட்டம். மற்றது 9 வோல்ற்று ஆடலோட்டம். நினைவகமும் கணிக்கும் பகுதியும் முன்னதால் இயங்குகின்றன. பின்னது கணினியின் உள்ளே 12 வோல்ற்றாக மாற்றப்பட்டுப் படத்துக்கும் ஒலிக்கும் உரிய சில்லுகளைச் சென்றடைகின்றது. முகப்பிலுள்ள சிவப்பு விளக்கோ 5 வோல்ற்றில் மட்டுமே எரிவது. ஆகவே 9 வோல்ற்று அறுந்து போனாலும் விளக்கு எரியும். திரை இருண்டே கிடக்கும். "விளக்கு எரிகிறதே, மின்சாரத்தில் என்ன குறை?" என்போர் ஏமாறுமிடம் இதுதான். உள்ளே அந்த 9 வோல்ற்றுக்கென்றே ஒரு சிறு உருகி இருக்கின்றது. எத்தனையோ முறை குற்றம் அதனுடையதாகவே இருக்கும்.

இது சிறு நோய். பெருநோய் வேறு. 5 வோல்ற்றைக் கட்டுக்குள் வைத்திருக்கும் சீராக்கி அந்தச் செங்கற்பெட்டிக்குள்ளே இருக்கின்றது. பெரும்பாலான பெட்டிகளில் அதனைச் சுற்றிப் பிசினை வார்த்து இறுகச் செய்துவிட்டார்கள். வெப்பம் வெளியேற வழியில்லை. திறந்து பழுதுபார்க்கவும் வழியில்லை. ஆண்டுகள் பல கழிந்து சீராக்கி கெடும்போது அது மின்சாரத்தை நிறுத்தாமல், தடையின்றி வழியவிடுவதும் உண்டு. உன்னிச்சைக் குளத்துத் துருசு அடைபட்டால் வயல் காயும். பிறகு நீர் பாய்ச்சிக்கொள்ளலாம். துருசே பெயர்ந்துவிட்டால் வரம்பும் பயிரும் அள்ளுண்டு போகும். அவ்வாறே, 7 வோல்ற்றுக்கு மேல் தாங்கமாட்டாத நினைவகச் சில்லுகள் கணப்பொழுதிற் கருகிவிடுகின்றன. அப்பொழுதும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

சென்ற மாதம் கல்லடியிலிருந்து எம்முடைய பழைய மாணவர் ஒருவர் இத்தகைய கணினியொன்றைச் சுமந்து வந்தார். ரொறன்ரோவிற் காலமான அவருடைய தமையனாரின் உடைமை அது. கூடவே ஓர் ஒலிநாடா. தமையனார் இளமையில் எட்டுக்கு எட்டுக் கட்டங்களிற் புள்ளி புள்ளியாக அமைத்த தமிழெழுத்துகள் அந்த நாடாவில் இருக்கின்றனவாம். வேறு படி எதுவும் இல்லை. "இன்றைக்கே போட்டுப் பார்ப்போமா, சேர்?" என்று கேட்டார்.

"தம்பி, முதலில் மின்வழங்கியின் அடியில் என்ன எழுதியிருக்கிறதென்று வாசியும்" என்றோம்.

120 வோல்ற்று, 60 சுழற்சி என்றிருந்தது. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ற்று, 50 சுழற்சி. செருகியிருந்தால் ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தம் பாய்ந்திருக்கும்.

வாசிப்பது முதற்படி, அளப்பது அடுத்தது. கணினியோடு இணையாமலே மின்வழங்கியை மட்டும் செருகிப் பன்மானியால் அளக்க வேண்டும். 5 வோல்ற்று என்பது 4.75 முதல் 5.25 வரை நின்றால் நலம். ஆயின் சுமையின்றி அளந்த அளவு பாதி உண்மையே. வெறுங்கையோடு நடப்பவன் நிமிர்ந்துதான் நடப்பான். மூட்டையைத் தூக்கிக் கொடுத்தாலல்லவா முழங்காலின் வலு தெரியும்! 5 ஓம், 10 வாற்றுத் தடையொன்றைக் கோத்தால் 1 அம்பியர் ஓடும். (தடை சுடும், தொடவேண்டாம்.) அரைமணி நேரம் விட்டு மீண்டும் அளக்க வேண்டும், சூடேறிய பின்னரே வெளிப்படும் குற்றங்கள் உள்ளமையால். 5.25 ஐத் தாண்டினால் அந்தப் பெட்டியைக் கணினியின் அருகிலும் கொண்டுசெல்லாதீர்கள். 4.75 இற்குக் கீழே தாழ்ந்தால், கொள்ளளவிகள் உலர்ந்துவிட்டன என்று ஐயுறலாம். கடையிற் "கொள்ளளவி" என்று கேட்டால் விழிப்பார்கள். "கப்பாசிற்றர்" என்றால் உடனே கிடைக்கும்.

எல்லாக் கணினிக்கும் இதே கணக்கு என்று கொள்ளற்க. அதே ஆண்டில் வந்த சின்கிளேயர் ஸ்பெக்ட்ரத்தின் மின்வழங்கியில் 9 வோல்ற்று என்று எழுதியிருக்கும். சுமையின்றி அளந்தால் 13 கூடக் காட்டும். அது நோயன்று. அதற்குச் சீராக்கி கணினியின் உள்ளேயே இருக்கின்றது.

1981 இல் வந்த பி.பி.சி. மைக்றோவிலோ மின்வழங்கி முழுவதுமே உள்ளேதான். அங்கே காகிதத்தால் ஆன ஒருவகைக் கொள்ளளவியின் மேலுறை நாட்பட வெடித்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சி, ஒருநாள் கரும்புகையோடு சிதறும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நம் ஊர்களில் ஈரத்துக்கா பஞ்சம்? அதைத் திறப்பது பயின்றவர் செய்யவேண்டிய வேலை. செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கும், உயிரைக் குடிக்கும்.

2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை மறந்திருக்கமாட்டோம். மின்சாரம் நின்றவுடன் செருகியைப் பிடுங்கிவிடுவது நன்று. அது திரும்பி வரும் கணம் பழைய இயந்திரங்களுக்குப் பொல்லாதது.

நம் மாணவர் 230 வோல்ற்றுக்குரிய புதிய மின்வழங்கியொன்றை வரவழைத்தார். அளந்தோம், சுமையோடு 5.02. இணைத்ததும் நீலத்திரை எழுந்தது. 60 சுழற்சிக்கென அமைந்த அதன் உள்மணிக்கூடு இங்கே ஒரு மணி நேரத்தை ஐம்பது நிமிடமாகவே எண்ணும். ஒரு கட்டளையால் அதைத் திருத்தலாம். ஒலிநாடாவை இன்னும் ஓட்டவில்லை. நாடாக் கருவியின் இறப்பர்ப் பட்டி இளகிப் பசையாகியிருந்தது. புதியது வரும்வரை நாடாவை ஈரம் புகாத தகரப்பெட்டியொன்றில் வைத்திருக்கின்றார்.