குறை நிலைக்கும்வரை காத்திருப்பதா?

காலம் தாழ்ந்து வந்தாலும் பயன் குன்றாத உதவிகள் உண்டு. பேச்சு வராத பிள்ளைக்குச் செய்யும் உதவி அவ்வகையைச் சேர்ந்ததன்று. வாழ்வின் முதற்சில ஆண்டுகளில் மூளை மொழியை ஏற்கும் விரைவு பின்னாளில் வாய்ப்பதில்லையாதலால், அப்பருவத்தில் கைவிடப்பட்டதை மீட்கப் பன்மடங்கு உழைப்பு வேண்டும்.

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது; பேச்சுக் குறைபாட்டுக்கு அதில் தனி இடம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்பட்டியலை 21ஆக விரித்து, பேச்சும் மொழியும் சார்ந்த குறைபாட்டைச் சேர்த்தது. அது போற்றத்தக்கதே. ஆயின், அதற்கு வகுத்த இலக்கணம் ‘நிலையான’ குறைபாடு என்பது. காட்டும் சான்றுகளோ குரல்வளை அகற்றப்பட்டதால் நேரும் பேச்சிழப்பும், மூளைப் பாதிப்பால் நேரும் மொழியிழப்பும். இவை பெரும்பாலும் முதிர்ந்தோர்க்கு நேர்பவை. காரணம் புலப்படாமலே மொழி வளர்ச்சி பின்தங்கிய மூன்று வயதுச் சிறுமியும், திக்குவாயால் வகுப்பில் எழுந்து நிற்கவே அஞ்சும் சிறுவனும் இவ்வரையறைக்குள் எங்கே நிற்பர்? பயிற்சியால் சீர்ப்படக்கூடிய குறை என்பதே அவர்களைச் சான்றிதழுக்குப் புறத்தே நிறுத்துமாயின், குறை நிலைபெற்ற பின்னரே துணைக்கு வரும் முறையை நாம் கட்டியிருக்கிறோம் என்றே பொருள்.

அச்சட்டத்தின் 25ஆம் பிரிவோ, குழந்தைகள் அனைவரையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆய்ந்து இடருக்குரியோரைக் கண்டறியவும், மருத்துவ உதவியை வாழிடத்துக்கு அருகிலேயே அளிக்கவும் அரசுகளைப் பணிக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் மொழி வளர்ச்சித் தாமதத்தையும் தன் ஆய்வுக்குள் கொண்டது. கண்டறியப்பட்ட பிள்ளைகளுக்கென மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களையும் வகுத்தது.

ஆனால் பேச்சுப் பயிற்சி ஒருநாள் மருந்தன்று. படத்தைக் காட்டிப் பெயர் சொல்லவைத்தல், கண்ணாடிமுன் நாவின் இடத்தை உணர்த்துதல், விளையாட்டினூடே முறைவைத்துப் பேசப் பழக்குதல் எனத் திங்கள் பலவாக, வாரந்தோறும் தொடர்வது. கற்றதை வீட்டில், வீட்டு மொழியிலேயே, தாய் மீண்டும் மீண்டும் பயிற்றினாலன்றி வேர்பிடிக்காதது. கூலிவேலை செய்யும் தாயொருத்தி மாவட்டத் தலைநகருக்கு வந்துபோகும் ஒவ்வொரு முறையும் ஒருநாள் ஊதியத்தை இழக்கிறாள். மூன்றாம் வாரம் அவள் வராதுபோனால் அதை அக்கறையின்மை என்று எழுதிவைப்பது அறமாகாது. “அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்” என்று உற்றார் கூறும் ஆறுதலும் அன்பால் விளைவதே. எனினும், அதை நம்பி இழக்கும் ஆண்டுகள் பிள்ளையுடையவை.

ஆகவே சட்டத்தின் வரையறையிலிருந்து ‘நிலையான’ என்னும் சொல்லைக் குழந்தைகளைப் பொறுத்தமட்டிலேனும் நீக்குமாறு நடுவணரசை வேண்டுகிறோம். அதுவரை, சான்றிதழ் கேளாமல் பயிற்சியளிக்கும் பேச்சுப் பயிற்றுநர் ஒருவரை ஒன்றியந்தோறும் அமர்த்துவதற்கு மாநில அரசுகளுக்கு எத்தடையும் இல்லை. இரண்டு வயதில் இருசொல் இணைத்துப் பேசாத பிள்ளையின் பெயரை, அங்கன்வாடிப் பணியாளர் அன்றே அவருக்கு அனுப்பட்டும்.