ஒத்தச்சக்கரமும் என் ஆறு ஆசைகளும்

எலெக்ட்ரிக் யூனிசைக்கிள் ஓட்டுறவங்க நாலு பேர் ஒண்ணு சேர்ந்தா பேச்சு ரெண்டே கேள்வியைத்தான் சுத்தி வரும். "உன்னுது எவ்ளோ வேகம் போகும்?", "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்?" கம்பெனிக்காரங்களும் இதைத் தெரிஞ்சுக்கிட்டு போட்டி போடறாங்க. மணிக்கு 80 கி.மீ.க்கு மேல பறக்கிற, 40 கிலோவுக்கு மேல கனக்கிற சக்கரமெல்லாம் சந்தைக்கு வந்தாச்சு.

என் கட்சி வேற மக்களே. நல்ல ஒத்தச்சக்கரத்தோட முதல் லட்சணம் வேகம் இல்லை. "இதுக்கு மேல என்னால முடியாதுப்பா"ன்னு கீழ தள்றதுக்கு முன்னாடியே சொல்றதுதான். மத்ததெல்லாம் அப்புறம்.

இந்த வஸ்துவைப் பார்க்காதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 2010-களின் தொடக்கத்துல அமெரிக்காவுல ஷேன் சென் என்பவர் 'சோலோவீல்' கொண்டு வந்தார். இப்போ கிங்சாங், இன்மோஷன், பிகோட்னு சீன கம்பெனிகள்தான் ராஜா. ஹேண்டில்பார் கிடையாது, சீட்டும் பெரும்பாலும் கிடையாது. ஒரு சக்கரம், ரெண்டு பக்கமும் மிதிபலகை, அவ்ளோதான். முன்னால சாய்ஞ்சா போகும், பின்னால சாய்ஞ்சா நிக்கும்.

சின்ன வயசுல விளக்குமாத்துக் குச்சியை உள்ளங்கையில நிறுத்தி விளையாடியிருப்பீங்க இல்லையா? குச்சி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் கையை நகர்த்தணும். இங்க குச்சி நாம, கை மோட்டார். உள்ள இருக்கிற ஜைரோஸ்கோப்பும் ஆக்ஸிலரோமீட்டரும் நாம எவ்ளோ சாயுறோம்னு பார்த்துச் சொல்லும். மோட்டார் ஓடிவந்து நம்ம காலுக்கடியில சக்கரத்தை நிறுத்தும். (இடவலமா விழாம பாத்துக்கிறது நம்ம பொறுப்பு, சைக்கிள் மாதிரியே.)

சிக்கல் இங்கதான். ஸ்கூட்டர்ல கரன்ட் போனா அது பாட்டுக்கு உருண்டு நிக்கும். இதுல போனா குச்சிக்கடியில கை இல்லை. நேரா மூஞ்சிதான்.

கரன்ட் முழுசா போகணும்னுகூட இல்லை. மோட்டார் சுத்தச் சுத்த அதுவே எதிர்ப்பக்கம் ஒரு வோல்டேஜை உண்டாக்கும். வேகம் கூடக்கூட அதுவும் கூடும். பேட்டரி வோல்டேஜுக்கும் இதுக்கும் நடுவுல மிச்சம் இருக்கிற இடைவெளிதான் நம்மளைத் தூக்கி நிறுத்துற பலம். 20 செல்லை வரிசையா கோர்த்த பேட்டரி முழு சார்ஜ்ல 84 வோல்ட். சார்ஜ் இறங்கி செல்லுக்கு 3.3 வந்துட்டா 66 தான். அதாவது காலையில 30-ல பத்திரமா போன அதே வண்டி சாயங்காலம் அதே 30-ல பத்திரம் இல்லை. குளிர்காலத்துல இன்னும் மோசம்.

கூட ஓட்டுற நண்பர் ஒருத்தருக்கு இதுதான் நடந்தது. அட்டைப்பெட்டியில 30 போட்ட சின்ன வண்டி. போனது என்னவோ 25-க்குள்ளதான். பேட்டரி 18 சதவீதம், எதிர்காத்து, பாலத்துல லேசான ஏத்தம். சிக்னல் மாறப்போகுதேன்னு கொஞ்சம் முன்னால சாய்ஞ்சிருக்கார். பீப் சத்தமும் விழுந்த சத்தமும் ஒண்ணாவே வந்துச்சு. மணிக்கட்டு முறிஞ்சு ஆறு வாரம் கட்டு. அந்த செமஸ்டர் லேப் முழுக்க இடது கையால எழுதினார். கம்பெனி சொன்ன பதில்: "அதிகமா சாய்ஞ்சுட்டீங்க." அடப்பாவிகளா, சாயறதுதானய்யா இந்த வண்டிக்கு ஆக்ஸிலரேட்டர்!

அதனால என் ஆசைப் பட்டியல் இது:

1. எச்சரிக்கை மிச்ச பலத்தைப் பார்த்து வரணும், வேகத்தை மட்டும் பார்த்து இல்லை. மிதிபலகையை முன்பக்கம் தூக்கி நம்மளைப் பின்னால தள்ற 'டில்ட்-பேக்' எல்லா வண்டியிலயும் உண்டு. பேட்டரி இறங்க இறங்க அந்த எல்லையும் தானா இறங்கணும். ஆப்ல போய் அதை அணைச்சு வைக்கிற வசதியே கூடாது.

2. பேட்டரியைக் காப்பாத்த ஆளைத் தள்ளிவிடக்கூடாது. ஓடும்போது ஒரு செல் கெட்டா வேகத்தைக் குறைக்கட்டும், கத்தட்டும், ஆனா இணைப்பைத் துண்டிக்கக்கூடாது. பேட்டரி புதுசு வாங்கலாம். பல்லு?

3. பெட்டியில உண்மையை அச்சடிக்கணும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப்பிடிச்சு முடுக்கினா எந்த வேகத்துல மோட்டார் கைவிடுதுன்னு ஒரு எண் இருக்கு. முழு சார்ஜ்ல எவ்ளோ, 20 சதவீதத்துல எவ்ளோ, ரெண்டையும் போடுங்க. 'டாப் ஸ்பீட்'னு ஜல்லியடிக்க வேணாம்.

4. மேட்டுல குடியிருக்கிறவனையும் நினைச்சுப் பாருங்க. நான் லியோன்ல க்ருவா-ரூஸ் குன்று மேல இருக்கேன். மெட்ரோவே பல்சக்கரம் போட்டுத்தான் இங்க ஏறும். ராத்திரி முழுசா சார்ஜ் போட்டு காலையில இறங்கினா பிரேக் பிடிக்கிற கரன்ட் திரும்பப் போய்ச் சேர பேட்டரியில இடம் இருக்காது. வோல்டேஜ் எகிறி வண்டி அலறும், மிதிபலகை சாயும், அதுவும் இறக்கத்துல. 90 சதவீதத்துல சார்ஜை நிறுத்துற வசதி ஒவ்வொரு வண்டியிலயும் வேணும். பேட்டரி ஆயுசுக்கும் அதான் நல்லது.

5. பஞ்சர் ஆனா நானே டயர் மாத்தணும். மோட்டாரே சக்கரத்துக்குள்ள, வயர் அச்சு வழியா. டயரைக் கழட்டணும்னா பாதி வண்டியைப் பிரிக்கணும். எங்கப்பாவோட பஜாஜ் சேத்தக்ல ரிம் ரெண்டா பிரியும், நட்டுகளைக் கழட்டினா போதும். அந்தக் காலத்து ஸ்கூட்டருக்கு வந்த புத்தி இதுக்கு வரக்கூடாதா?

6. எடை 20 கிலோவைத் தாண்டக்கூடாது. லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியில குடியிருக்கிறவனோட சாபம் பொல்லாதது :-)

2020-ல இன்மோஷன் வி11, கிங்சாங் எஸ்18 ரெண்டும் சஸ்பென்ஷனோட வந்ததே, அது லிஸ்ட்ல இல்லையான்னு கேப்பீங்க. கல் பாவின பழைய தெருவுல முட்டி சந்தோஷப்படும்தான். ஆனா முட்டிவலி ராத்திரி தைலத்துக்கு அடங்கிடும். மணிக்கட்டு அடங்காது.

அனுபவசாலிகள் இதுக்கு ஒரு நியாயமான பதில் வச்சிருக்காங்க. "பெரிய சக்கரமா வாங்கி மெதுவா ஓட்டு. 80 போற வண்டியில 25-ல போனா மிச்ச பலம் எக்கச்சக்கமா இருக்கும்." கணக்கு சரிதான். ஆனா அந்த பலத்துக்கு 40 கிலோவை விலையா கொடுக்கணும். அதோட, பிரான்ஸ்ல 2019-லிருந்து சட்டப்படி இதுக்கு 25 கி.மீ.தான் எல்லை. அதுக்குள்ள கட்டுப்படுத்தாத வண்டியை ஓட்டினா 1500 யூரோ வரை அபராதம். என் ரெண்டு மாச வாடகையைவிட ஜாஸ்தி சாமி. பக்கத்து ஜெர்மனியில அதே 2019-ல வந்த விதி கைப்பிடி இருந்தாத்தான் ரோட்டுக்கு வரலாம்னு நம்மாளை மொத்தமா வெளிய நிறுத்திடுச்சு.

எனக்குத் தேவையானது எவ்ளோ? வீட்டிலிருந்து கேம்பஸுக்குப் போக வர 10 கி.மீ. கிலோமீட்டருக்கு 20 வாட்-ஹவர்னு தாராளமா வச்சாலும் 200. 700 வாட்-ஹவர் பேட்டரி, 84 வோல்ட், 16 இன்ச் சக்கரம் இருந்தா 25-ல போக பலமும் மிச்சம், எடையும் அடக்கம். 25-ஐக் கம்பெனிகள் ஏதோ தண்டனை மாதிரி பாக்குறாங்க. மாடல்ல பாதி ஆப்ல ஒரு பூட்டு போட்டு வருது, அதைத் திறக்கிற வழியும் கூடவே வருது. அதுக்குப் பதிலா 25-க்குன்னே உட்கார்ந்து வடிவமைச்சா, குறைஞ்ச பேட்டரியிலயும் எதிர்காத்துலயும் மேட்டுலயும் கைவிடாத சக்கரம் இன்னைக்கு இருக்கிற பார்ட்ஸ்லயே சாத்தியம். வேகத்துக்குக் கொட்டுற வோல்டேஜை மிச்சத்துக்குக் கொட்டணும், அவ்ளோதான் மேட்டர்.

நாம கேக்கிறதைத்தான் அவங்க செய்வாங்க. "எவ்ளோ வேகம்?"னு கேட்டோம், வேகம் வந்துச்சு. இனிமே கடைக்காரர்கிட்ட "20 சதவீதத்துல, மேட்டுல, இது என்னைத் தாங்குமா?"ன்னு கேளுங்க. அவர் முழிச்சார்னா அந்த வண்டி வேணாம்.

டிஸ்கி: ஊருக்குள்ள ஹெல்மெட் இங்க கட்டாயம் இல்லை. நான் ஹெல்மெட்டும் போடறேன், மணிக்கட்டுக்குக் காப்பும் போடறேன். பாக்க விண்வெளி வீரன் மாதிரி இருக்குன்னு கிண்டல் பண்றவங்க பண்ணிக்கலாம். உங்க ஆசைப் பட்டியல்ல ஏழாவது என்னன்னும் சொல்லிட்டுப் போங்க.