ட்ரையர் ஓடலன்னா நாம ஏன் முழிக்கிறோம்?

மூணு வருஷம் எலக்ட்ரிக்கல் படிச்ச பையன்கிட்டயோ பொண்ணுகிட்டயோ, "ட்ரையர் ஓடல, கொஞ்சம் பாரேன்"னு அம்மா சொன்னா, பெரும்பாலும் வர்ற பதில் "மெக்கானிக்கைக் கூப்பிடும்மா". இதைச் சோம்பேறித்தனம்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணல. கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்க நமக்கு யாரும் சொல்லித் தரவே இல்லை.

நம்ம வீடுகள்ல செமி ஆட்டோமேட்டிக் மெஷின்ல துணி பிழியற சின்னத் தொட்டியைத்தான் ட்ரையர்னு சொல்றோம். அது துணியைச் சூடாக்காது. வேகமாச் சுத்தித் தண்ணியை வெளியே தள்ளும். உள்ளே ஒரு மூடி ஸ்விட்ச், ஒரு டைமர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு சிங்கிள் பேஸ் மோட்டார், ஒரு பிரேக். முக்கியமான சாமான் மொத்தமே இவ்வளவுதான்.

முதல் கேள்வி: சத்தம் வருதா, வரலையா?

சத்தமே இல்லையா? பெரும்பாலும் மோட்டாருக்குக் கரண்ட் போகல. துவைக்கிற பக்கம் ஓடுதான்னு பாருங்க. ஓடினா பிளக்கும் மெயின் வயரும் சரி. மிச்சம் மூடி ஸ்விட்ச், டைமர் காண்டாக்ட், மோட்டார் வைண்டிங், அப்புறம் நம்ம ஊர் ஸ்பெஷல், எலி கடிச்ச வயர். பிளக்கைப் பிடுங்கிட்டு மல்டிமீட்டரை கன்டினியூட்டியில வெச்சு ஒவ்வொண்ணா பார்த்தா, எங்கே அறுந்திருக்குன்னு தெரிஞ்சிடும்.

உறுமுது, ஆனா சுத்தலையா? கரண்ட் போகுது. பிளக்கைப் பிடுங்கி, பின் தகட்டைக் கழற்றி, பிரேக்கை விலக்கி வெச்சு கையால சுத்திப் பாருங்க. இறுக்கமா இருந்தா தொட்டிக்கு அடியில சாக்ஸ் சிக்கியிருக்கலாம். பிரேக்கை விலக்கினா மட்டும் லேசா சுத்துதுன்னா, மூடினாலும் பிரேக் விடுபடலைன்னு அர்த்தம்; பிரேக் கம்பியைப் பாருங்க. அதுவும் சரின்னா முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மேலதான். (பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதுல சார்ஜ் நிக்கும். ரெசிஸ்டர் வழியா இறக்காம கை வைக்காதீங்க. ஈரத் தரையில நின்னு எதையும் தொடாதீங்க.)

இப்ப யோசிங்க. சிங்கிள் பேஸ் இண்டக்‌ஷன் மோட்டார் தானா ஸ்டார்ட் ஆகாது, இன்னொரு வைண்டிங்கும் கெப்பாசிட்டரும் சேர்ந்துதான் அதைக் கிளப்பும்னு செமஸ்டர் பரீட்சையில பக்கம் பக்கமா எழுதினவங்கதான் நாம. அதே மோட்டார் வீட்டுல உறுமும்போது அந்தப் பக்கம் ஞாபகத்துக்கு வர்றதில்லை. காரணம் லேப். அங்கே மெஷின் எப்பவும் நல்லா இருக்கும், சர்க்யூட் படம் கையில இருக்கும், வரவேண்டிய ரீடிங் சீனியரோட ரெக்கார்டுல இருக்கும். தப்பான மெஷினை யாரும் நம்மகிட்ட கொடுத்ததே இல்லை.

"ரிப்பேர் மெக்கானிக் வேலை, நாம டிசைன் பண்றவங்க" என்பார்கள். ரிப்பேர் பண்ணிப் பார்க்காதவன் பண்ற டிசைன் எப்படி இருக்கும்? நூறு ரூபாய்க்கு முன்னபின்ன விலையுள்ள கெப்பாசிட்டரை மாத்த மொத்த மெஷினையும் பிரிக்க வேண்டியிருக்கும். அதைச் சபிச்சுக்கிட்டே சரி பண்றவர் அந்த மெக்கானிக்தான். சத்தத்தை வெச்சே கோளாறைச் சொல்ற அவர்கிட்ட நாம கத்துக்க நிறைய இருக்கு.

நாட்டுலயும் காத்து இந்தப் பக்கம்தான் வீசுது. 2022 டிசம்பர்ல மத்திய அரசு 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்குன்னு ஒரு இணையதளமே திறந்தது. 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்த மின்கழிவு விதிகள்ல வாஷிங் மெஷினும் இருக்கு. விதி போட்டா போதாது. ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச கையும் வேணும்.

ஆக, நம்ம துறைகிட்ட ஒரே ஒரு கோரிக்கை. ஒவ்வொரு செமஸ்டர்லயும் ஒரு எக்ஸ்பெரிமென்ட்டை எடுத்துட்டு, காயலான் கடையிலிருந்து ஓடாத மெஷின் ஒண்ணை வாங்கி டேபிள் மேல வைங்க. சர்க்யூட் படம் வேண்டாம். ஓட வெச்சா பாதி மார்க் போதும். ஏன் ஓடலன்னு படிப்படியா எழுதினவனுக்கு முழு மார்க் கொடுங்க.