தினமும் 100 ஸ்குவாட் சேலஞ்ச்: ஜிம் இல்லாமல் தசை வலிமை... பாதுகாப்பாகச் செய்வது எப்படி?

'தினமும் 100 ஸ்குவாட், 30 நாள் சேலஞ்ச்' என்ற ரீல்ஸைப் பார்க்காதவர்கள் குறைவு. ஜிம் கட்டணம் கிடையாது, கருவி வேண்டாம், பாய் விரிக்க இடம் இருந்தால் போதும். உடல் எடையையே பளுவாக வைத்துச் செய்யும் இந்தப் பயிற்சிகள் நமக்குப் புதிதும் அல்ல. புஷ்-அப் என்றால் தண்டால், ஸ்குவாட் என்றால் பஸ்கி, அவ்வளவுதான். பயிற்சி நல்லதுதான். பழக்கமே இல்லாத உடம்பை முதல் நாளே நூறு முறை உட்கார்ந்து எழ வைப்பதுதான் சிக்கல்.

வாக்கிங் போனால் போதாதா?

போதாது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்கான வலிமைப் பயிற்சி என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல். முதல் பாதி எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது பாதியைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. முதல் பாதியிலேயே நிலைமை மோசம் என்பது வேறு விஷயம்: 2022-ல் இந்தியப் பெரியவர்களில் 49.4 சதவீதம் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்றது 'லான்செட் குளோபல் ஹெல்த்' ஆய்வு. பெண்களில் இது 57 சதவீதம்.

தசை என்றதும் சிக்ஸ் பேக் நினைவுக்கு வரும். நம் ஊருக்கு அதைவிட முக்கியமான காரணம் சர்க்கரை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது தசைகள்தான். நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு கணக்கிட்டது. முப்பது வயதைத் தாண்டினால், வேலை கொடுக்காத தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவும் தொடங்கும்.

ரத்த அழுத்தத்துக்கும் பலன் உண்டு. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியே இல்லாமல் உட்கார்ந்தது போல அசையாமல் இருக்கும் 'வால் சிட்' போன்ற பயிற்சிகள் அழுத்தத்தைக் குறைப்பதில் முன்னிலையில் இருப்பதாக, 270 ஆய்வுகளைத் தொகுத்த 2023-ம் ஆண்டு அலசல் சொன்னது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

40 தண்டால் எடுத்தால் ஹார்ட் அட்டாக் வராதா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவலின் மூலம், அமெரிக்காவில் 1,104 தீயணைப்பு வீரர்களிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு. 40-க்கு மேல் எடுத்தவர்களுக்கு, 10-க்கும் குறைவாக எடுத்தவர்களைவிட இதய நோய் மிகக் குறைவாக இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் ஏற்கெனவே உடல்தகுதி உள்ள ஆண்கள். தண்டால்தான் காப்பாற்றியது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

எங்கே ஆரம்பிப்பது?

சுவரில் கை ஊன்றித் தண்டால். அது சுலபமானால் மேஜை விளிம்பு, பிறகு முட்டி ஊன்றி, கடைசியாகத் தரை. பஸ்கிக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே நல்ல தொடக்கம். குதிகால் தரையில் பதிய வேண்டும், முட்டி உள்பக்கம் மடங்கக் கூடாது. 8 முதல் 12 முறை, 2 சுற்று போதும். இன்னும் இரண்டு எடுக்கலாம் என்ற நிலையிலேயே நிறுத்திவிடலாம். அதே தசைக்கு அடுத்த நாள் ஓய்வு. முதுகுக்கு வீட்டில் பயிற்சி கொடுப்பதுதான் கஷ்டம். பக்கத்துப் பூங்காவில் கம்பி இருந்தால் யோகம்.

மூச்சை அடக்காதீர்கள். அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் சட்டென எகிறும். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும்.

மறுநாள் தொடை வலித்தால் பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். மூட்டில் சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். தாங்க முடியாத வலி, வீக்கம், கோலா நிறத்தில் சிறுநீர் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அளவுக்கு மீறிய பயிற்சியால் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும் 'ராப்டோமயோலிசிஸ்' பிரச்சினையாக இருக்கலாம். சேலஞ்ச் வீடியோக்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தாலும் தாமதிக்கக் கூடாது.

இதய நோய், கட்டுப்படாத பிபி, குடலிறக்கம் உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது. வீட்டில் அறுபதைத் தாண்டிய அப்பா, அம்மா இருந்தால் அந்த நாற்காலிப் பயிற்சியை அவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள், வழுக்காது.